துடிப்பும் துடிதுடிப்பும்

ஓர் இதயத்தின் மேலறை தாளம் தப்பி நடுங்கத் தொடங்கியது. அங்கே ரத்தம் தேங்கியது. தேங்கினால் உறையும், உறைந்தது மூளைக்குப் போனால் எல்லோர் கதையும் முடிந்தது. கீழறைக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, ஒழுங்காகத் துடியேன்!"

"துடித்துக்கொண்டுதானே இருக்கிறேன்?"

"நீ துடிக்கவில்லை, துடிதுடிக்கிறாய். இரண்டும் ஒன்றல்ல."

"என்னை ஏன் திட்டுகிறாய்? அந்த நொதியைப் போய்க் கேள். ஒரு நொடி ஓய விடமாட்டேன் என்கிறது."

இதயத் தசையைச் சுருங்கவைப்பது கால்சியம்; ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் கதவைத் திறந்து மூட உதவுவது நொதியின் வேலை. இப்போது அது கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றது; கால்சியம் ஓயாமல் கசிந்துகொண்டிருந்தது.

"ஏன் ஐயா மூடவே மாட்டேன் என்கிறீர்?" என்றது கீழறை.

"பாவம், உன் அக்கா நடுங்குகிறாளே! பார்த்துக்கொண்டு நிற்கவா சொல்கிறாய்? உதவுகிறேன், தம்பி."

"நீர் உதவுவதால்தான் அவள் நடுங்குகிறாள்!"

"அடடா, அப்படியானால் இன்னும் கொஞ்சம் உதவட்டுமா?"

"வேண்டவே வேண்டாம்! உம்மைக் கும்பிடுகிறேன், சும்மா இரும்."

நொதி முதல்முறையாகக் கவலைப்பட்டது.

"இருக்கிறேன். சும்மா இருப்பதற்கு நான் என்னென்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டே கதவை இன்னும் அகலமாகத் திறந்தது.