கண்டல் கன்றை மேய்ந்தது யார்?

ராகலைத் தேயிலைத் தோட்டத்து மாதர் சங்கம் புத்தளம் போய், கடலோரக் களப்புக் கரை அரிபடாமலிருக்க முந்நூறு கண்டல் மரக்கன்றுகளை நட்டுத் திரும்பிய மறுநாள், தலைவி ஜீவராணிக்குப் போன் வந்தது. கரையோரத் திட்ட அதிகாரி கிறிஸ்டியன் பேசினார்.

"அக்கா, நீங்க நட்டதுல ஒண்டுக்கும் நுனி இல்ல!"

"ஐயோ! ஆடு மேஞ்சிருச்சுங்களா சேர்?"

"ஆடு எண்டா தண்டையும் தின்னுமே."

"அப்ப நண்டுங்களா? முழங்கால் சேத்துல நின்னு நட்டோம் சேர்! எந்த மூதேவின்னு கண்டுபிடிங்க. நானே வந்து கைய ஒடிக்கிறேன்!"

"அதான் விளங்கல்ல. எல்லாத்திலயும் ஒரே மாதிரி ரெண்டு இலை, நடுவுல ஒரு மொட்டு. அது மட்டும் காணோம்."

ஜீவராணி போனைக் கையால் பொத்திக்கொண்டு, நேற்றுக் கொண்டுபோன பையைக் கவிழ்த்தாள். வாடிய கண்டல் கொழுந்து பொலபொலவென்று கொட்டியது.

பக்கத்தில் நின்ற காளியாயி எட்டிப் பார்த்தாள்.

"என் பையிலயும் இருக்குக்கா. நட்டு முடிச்சு வரிசையா பேசிக்கிட்டே கரையேறினோம்ல, கை சும்மா இருக்குமா?"

ஜீவராணி போனைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள்.

"சேர், வர்ற ஞாயித்துக்கெழம வந்து மறுபடி நட்டுத் தர்றோம். இந்தவாட்டி கரையேறுறப்ப எல்லாரும் கையப் பின்னால கட்டிக்கிட்டு வர்றோம்."