வாசல் வரைக்கும்

டங்... டங்... டங்...

காட்டுப் பக்கமிருந்து வந்தது சத்தம். இப்போதுதான் இருட்டியிருந்தது. அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

தொட்டிலில் பெண் குழந்தை சிணுங்கியது. குழந்தையின் அம்மா ஒரு கையால் தொட்டிலை ஆட்டினாள். தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம் என்றால், சைட் இன்ஜினியர் புருஷன் இன்னும் வீடு திரும்பவில்லை.

போன் அடித்தது. எதிர் குவார்ட்டர்ஸ் ஸ்டோர்கீப்பர் மனைவி.

"கேக்குதா? தட்டைத் தட்ட ஆரம்பிச்சாச்சு. பழங்குடிக் குடியிருப்புல இன்னைக்கும் சாராயம் ஆறா ஓடுது போல."

"பொம்பளைங்க தட்டற மாதிரி இருக்கே அக்கா."

"அங்கே ஆம்பளை என்ன, பொம்பளை என்ன. உன் வீட்டுக்கு வேலைக்கு வருதே ஊமைக்கோட்டான், அதைக் கேட்டியா?"

"கேட்டேன். பதிலே சொல்லல. குழந்தையைக் கொஞ்சிட்டுப் போயிட்டாங்க."

"போயிட்டாங்களாம், மரியாதையைப் பாரு. நாளைக்கே நிறுத்திடு. கைக்குழந்தையை வச்சுக்கிட்டு வம்பை விலைக்கு வாங்காதே."

இவள் கணவனும் அதையேதான் சொல்வான். தட்டுச் சத்தம் கேட்கிற நாளெல்லாம் அவனும் தாமதமாகத்தான் வருவான். 'குடிச்சிட்டு ரோட்டை மறிச்சு ஆடறாங்க, ஜீப்பு வர வழியில்லை' என்பான்.

"அக்கா... சத்தம் கிட்ட வருது."

போன் பட்டென்று வைக்கப்பட்டது. எதிர் வீட்டு விளக்கும் அணைந்தது.

குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். கேட்டுக்குள் ஜீப் ஊர்ந்து வந்து நுழைந்தது. அப்பாடா, வந்துவிட்டான். கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

ஜீப்புக்குப் பின்னாலேயே பெண்கள். கையில் கரண்டியும் தட்டும். கேட்டைத் தாண்டி ஒருத்தியும் உள்ளே வரவில்லை. முன்னால் நின்றவள், அவள் வீட்டு ஊமைக்கோட்டான்.

முன்னால் நின்றவள் கையைத் தூக்கவும் சத்தம் நின்றது.

"யாரையும் அடிக்க வரலம்மா. பயப்படாதீங்க."

"பின்ன இது என்னக்கா?"

"ஆம்பளை இல்லாத வீடாப் பாத்து எவனாவது வந்தா தட்டைத் தட்டுவோம். எல்லாரும் கூடிருவோம். கை வைக்க மாட்டோம். எங்க எல்லை வரைக்கும் தட்டிக்கிட்டே கூட வந்து விட்டுருவோம். அதுக்கும் அடங்காதவனை அவன் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு வந்து விடறது எங்க வழக்கம்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஜீப்பிலிருந்து இறங்கிய கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு வேலைக்கு ஆள் சொல்லப் போனேன்" என்றான் அவன். "இதுங்க பேச்சையெல்லாம் நம்பறியா?"

"வேலைக்கு ஆள் கூப்பிட, என் தங்கச்சி தனியா இருக்கற வீட்டுக் கதவை ஏன் உடைக்கணும்?" என்றாள் முன்னால் நின்றவள்.



"தங்கச்சி... எப்படி இருக்கா?" என்று கேட்டாள் குழந்தையின் அம்மா.

"பக்கத்து வீட்டுக்காரி தட்டை எடுத்துட்டா. ஒண்ணும் ஆகல. உக்காந்து நடுங்கிக்கிட்டிருக்கா."

"இத்தனை நாளும் நான் கேட்டப்பல்லாம் ஏன் சொல்லல?"

"பால் குடுக்கற பொண்ணு நீங்க. ஒடைஞ்சு போயிருவீங்களேன்னுதான்..."

"கதை கேட்டது போதும்" என்று பல்லைக் கடித்தான் கணவன். அவளைத் தாண்டிப் போகப் பார்த்தவன், கேட்டுப் பக்கம் ஒரு அசைவு தெரியவும் திடுக்கிட்டுத் திரும்பினான். "நின்னு வேடிக்கை பார்க்காதே. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போடு. சீக்கிரம்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்ன சொல்லை அவள் மீறியதில்லை. இன்றும் மீறவில்லை.

குழந்தையோடு உள்ளே போனாள். அவன் படியேறி வருவதற்குள் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.