ஓட்டைப்பல்காரன்

அதே ஓட்டைப்பல்! நேற்று சாயங்காலம் கப்பல் முதலாளியின் கூட்டத்தில் முதல் வரிசையில் நின்று "தலைவர் வாழ்க" என்று கத்தியவன், இன்றைய பேப்பரில் எதிர்க்கட்சி வேட்பாளரின் மேடைக்குக் கீழே வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தான்.

முதலாளி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பச்சைக் குடைக்காரி, தொப்பிக் கிழவர், கைக்குழந்தைக்காரி... அத்தனை பேரும் அவருடைய ஆட்கள்.

"என்னங்க, கப்பல் கவுந்த மாதிரி கன்னத்துல கை வச்சிட்டு?" என்றாள் மனைவி.

"கவுந்துதான் போச்சு. கவுத்தது உன் தம்பி."

அவள் முகம் சுருங்கிவிட்டது. கம்பெனியில் சரக்கு ஏற்றி இறக்குவதைக் கவனித்துவந்த தம்பியை, தேர்தலுக்குக் கூட்டம் சேர்க்கும் வேலையில் போட்டவரே முதலாளிதான்.

"அவன் உங்களுக்குத் துரோகம் பண்ணுவானா?"

"பண்ணியிருந்தா, இனிமே இந்த வாசப்படி அவனுக்குக் கிடையாது. நீ அழுதாலும் சரி."

முதலாளிக்கு மனசு ஆறவே இல்லை. இத்தனை வருஷம் கப்பல்களுக்குப் பெயர் வைத்தே பழகியவர். தன் பெயரை ஜனங்கள் கூவிக் கேட்பது இப்போதுதான். அந்த ருசியில், கம்பெனியையே மகன் தலையில் கட்டிவிட்டுத் தேர்தலில் நிற்க வந்துவிட்டார்.

அதிலும் ஓட்டைப்பல்காரன் மேல் அவருக்குத் தனிப் பிரியம். நேற்று இவர் மேடை ஏறும்போதே அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. நமக்காக இப்படிக் கத்துகிறானே என்று உருகிப்போய், தன் தண்ணீர் பாட்டிலையே எடுத்து நீட்டினார். அவனையுமா எதிரிக்குத் தாரை வார்த்துவிட்டான் இந்த மச்சினன்?

மச்சினன் வந்ததும் வராததுமாகக் கதவைச் சாத்தினார்.

"லாரியில ஏத்திட்டு வர்ற என் ஜனங்களை அந்தாளு கூட்டத்துக்கும் கொண்டுபோறியா?"

மச்சினன் பேப்பரைப் பார்த்தான். திருதிருவென்று முழித்தான். அந்த முழியே போதுமென்று தோன்றியது முதலாளிக்கு.

"எத்தனை நாளாடா இந்த உள்குத்து?"

"உள்குத்து எல்லாம் இல்ல மாமா, தொழில். சரக்கோட போற கப்பல் திரும்பும்போது காலியா வரக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? லாரிக்கும் அதேதான். ஒரு வாட்டி கிளப்பினா ரெண்டு கூட்டம்."

முதலாளிக்குக் கோபம் பாதி வடிந்துவிட்டது. தன் பாடம் தன் வீட்டிலேயே வேலை செய்வதைப் பார்த்தால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது?

"அட கில்லாடி! நம்ம கூட்டம் முடிஞ்சு ஊருக்குத் திரும்புறப்போ, வழியில அவன்கிட்ட இறக்கி விடுறே. பாவம், என் மிச்சத்துலதான் அவன் பொழப்பு ஓடுது!"

வயிறு குலுங்கச் சிரித்தார். கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்ற மனைவிக்கும் உயிர் வந்தது.

மச்சினன் மட்டும் சிரிக்காமல் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, சொல்லித் தொலை."

"அவர் கூட்டம் மத்தியானமே முடிஞ்சிடும் மாமா. நாமதான் ரிட்டர்ன் லோடு."