பிரிக்காத அட்டை

இரண்டு மாத்திரை அட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குள் வந்தாள்.

ஒன்று அவளுக்கு. இன்னொன்று சாமிக்கு.

சபரிமலைக்கு மாலை போட்ட நாளிலிருந்து புருஷன் அவளுக்குச் சாமிதான். விடியலில் குளித்து, அவன் காலில் விழுந்து எழுந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

வெள்ளைப்படுதலும் அரிப்பும் ஒன்றரை மாதமாக அவளைப் பாடாய்ப் படுத்தின. உடம்புச் சூடு என்றான் சாமி. வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னான். சுத்தமில்லாத உடம்போடு பூஜை நடக்கும் இடத்துக்கு மட்டும் வராதே என்றான்.

வெந்தயத்தைக் குடித்தாள். ஒதுங்கியும் நின்றாள்.

இன்று பொறுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சூடெல்லாம் இல்லை என்றார் டாக்டரம்மா. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது, புருஷனும் சேர்ந்து மாத்திரை சாப்பிட வேண்டும்.

அவர் மாலை போட்டு நாற்பது நாளாகிறது, கிட்டேயே வருவதில்லை என்றாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அதுக்கு முன்னாடி?"

அதற்கு முன்னால் ஏழு மாதம், போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே இருந்தான். திரும்பி வந்து பத்து நாள் வீட்டில் இருந்தான். அந்தப் பத்து நாள் போதும்.

சாமி கையில் இதை எப்படிக் கொடுப்பது? வெட்கமாக இருந்தது. பேசாமல் அவனுடைய கறுப்புப் பையில் போட்டுவிடலாம் என்று ஜிப்பைத் திறந்தாள்.

உள்ளே அதே மாத்திரை.

இரண்டு அட்டைகள்.

ஒன்று காலி.

ஒன்று பிரிக்கவே இல்லை.

சுற்றியிருந்த சீட்டில் சென்னியப்பன் என்று அவன் பெயர். தேதி, மாலை போட்டதற்கு முதல் நாள். ஆங்கிலத்தில் இருந்த கடைசி வரியை எழுத்துக்கூட்டி வாசித்தாள். மனைவிக்கு ஒரு அட்டை.

பாவி. தன் உடம்பை மட்டும் சரிசெய்துகொண்டு மாலையைப் போட்டிருக்கிறான்.

கூடத்தில் பூஜை முடிந்து சொந்தக்காரர்கள் வரிசையாக அவன் காலில் விழுந்துகொண்டிருந்தார்கள். வாசலோரமாக நின்றாவது கும்பிட்டுக்கொள் என்று மாமியார் கூப்பிட்டாள்.

அவள் நேராக உள்ளே வந்தாள்.

அவன் விபூதியோடு கையை உயர்த்தினான்.

அவள் குனியவில்லை. அட்டையைப் பிரித்தாள். மாத்திரையை வாயில் போட்டுப் பூஜைச் செம்பிலிருந்த தண்ணீரைக் குடித்தாள்.

"எனக்குன்னு குடுத்தது உங்க பையிலயே இருந்துச்சுங்க, சாமி."

என்ன மாத்திரை அது என்று மாமியார் கேட்டாள்.

சாமியே சொல்லட்டும் என்று அவள் காத்து நின்றாள்.