நான்காவது கால்

“ரெண்டும் எடது காலு! எவனோ நல்லா நம்ம தலையில கட்டிட்டான்.”

ஜெயபாண்டி கையிலிருந்த இரும்புக் காலைப் பாய் மேல் போட்டான். நான்கு கால், ஒரு தொட்டி, சாம்பல் தட்டு, கம்பி வலை என்று புது கிரில் அடுப்பு பாகம் பாகமாகக் கிடந்தது. மணி பதினொன்று ஆகிவிட்டது, இன்னும் ஒரு நட்டுகூட உருப்படியாக ஏறவில்லை.

பதினான்கு வருஷம் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தவன். வெளிநாட்டு ஆர்டர்கள் படுத்துக்கொண்ட அந்த 2009-இல் அவனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் திருப்பூர் முழுக்க வேலை கேட்டு அலைந்து ஓய்ந்த பிறகு, கடைசியாகப் பற்றிய கொழுகொம்பு இந்தக் கரி அடுப்பு.

பல்லடம் ரோட்டில் பேக்கரி வைத்திருக்கும் கந்தப்பன், கடைக்கு முன்னால் கோழி சுட்டு விற்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். இந்த ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குக் கரி பற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் காளான் வண்டிக்காரருக்கு இடம் போய்விடும்.

அவன் மனைவி நாகஜோதிக்கு ஷிப்மென்ட் அவசரம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அவள் வேறொரு கம்பெனியில் செக்கிங். தொங்கும் நூல், ஒட்டியிருக்கும் நம்பர் ஸ்டிக்கர், எண்ணெய்க் கறை எதுவும் அவள் கைக்குத் தப்பிப் பெட்டிக்குள் போனதில்லை.

நேற்று வேலை விட்டு வந்ததுமே அடுப்புப் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் துடைத்துப் பளபளவென்று பாயில் அடுக்கியவளும் அவள்தான். காலையில் கோழிக்கு மசாலா தடவி மூடி வைத்துவிட்டுத்தான் கம்பெனி வேன் ஏறினாள்.

பெட்டியோடு வந்த தாளில் அத்தனையும் இங்கிலீஷ். இரண்டு கால் எப்படியோ சேர்ந்தன. மூன்றாவதை முடுக்கினால் நான்காவது காலின் ஓட்டை அரை இஞ்சு தள்ளி நின்றது. நான்காவதை முதலில் மாட்டினால் மற்ற மூன்றும் முறைத்துக்கொண்டன. துணியாக இருந்தால் இழுத்துப் பிடித்து ஒரு தையல் ஓட்டியிருப்பான். இரும்பு எங்கே இழுபடும்?

மதியம் அடுப்பு விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டான்.

“அண்ணே, நீங்க குடுத்த அடுப்புல காலு சேரவே மாட்டேங்குது.”

“அதெப்படீங்க சேராம போகும்? நாலு காலும் ஒரே மாதிரிதானுங்க தெரியும், ஆனா ஓட்டை வேற வேற. எழுத்துப் பாத்து மாட்டோணுமுங்க. ஏ-வுக்கு ஏ, பி-க்கு பி.”

ஜெயபாண்டி ஒவ்வொரு காலையும் வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

“எழுத்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்லண்ணே!”

“அப்படீங்களா? இதுவரைக்கும் அப்படி ஒண்ணு வந்ததே இல்லீங்களே. நான் இன்னிக்குக் கோயமுத்தூர்ல இருக்கறனுங்க. நாளைக்கு அடிகிடி படாம கொண்டாங்க, மாத்திக் குடுத்தர்றேன்.”

நாளைக்கு! நாளைக்கு அடுப்பு கிடைத்து என்ன செய்ய, குளிர் காயவா?

மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டில் சுத்தியல் கேட்டு வாங்கி வந்தான். ஓட்டையைப் பெரிதாக்கலாம் என்று ஆணியை வைத்து ஓர் அடி அடித்தான். இரண்டாவது அடியில் கால் வளைந்தது, மூன்றாவதில் தொட்டியின் விளிம்பு பிளந்தது. அதற்கப்புறம் விழுந்த அடிகள், உண்மையைச் சொன்னால், ஓட்டைக்காக விழுந்தவை அல்ல.

ஐந்தரைக்குக் கந்தப்பனிடமிருந்து போன் வந்தது.

“ஏனுங்க ஜெயபாண்டி, பொறப்பட்டாச்சுங்களா?”

“ஒரே ஒரு நாள் பொறுங்கண்ணே. எப்படியாவது…”

“தப்பா நெனைச்சுக்காதீங்க. காளான்காரரு வண்டியோட வந்து நிக்கறாருங்க. ஞாயித்துக்கெழமை கூட்டத்த உட்டுப்போட்டு நானென்னுங்க பண்றது?”

ஜெயபாண்டி போனைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தான். இனி எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது, அழுதான். மூடி வைத்த பாத்திரத்திலிருந்து மசாலா வாசம் வந்துகொண்டிருந்தது.

ஆறு மணிக்கு நாகஜோதி வந்தாள். ஒரு கையில் வாழை இலைக் கட்டு, இன்னொரு கையில் பை நிறைய எலுமிச்சம்பழம். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“என்னங்க இது? லாரி ஏறுன மாதிரி கெடக்கு?”

கால் சேராமல் போனதையும் சுத்தியல் எடுத்ததையும் அவன் சொன்னான்.

“எடமும் போச்சு. அடிபட்டத இனிமே மாத்தியும் தர மாட்டாங்க. நம்மள ஏமாத்திப்புட்டாய்ங்க ஜோதி.”

நாகஜோதி கையிலிருந்ததை இறக்கி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வளைந்த காலை எடுத்துச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

“பாவிப்பயலுக! ஒவ்வொண்ணுலயும் ஏ, பி, சின்னு என்னமோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சுங்க, அதையெல்லாம் ஒண்ணு விடாம உரிச்சுச் சுத்தமா தொடச்சு வச்சேனே… அப்படியுமா சேரல?”