உள்ளங்கைச் சூடு

"கோவிச்சுக்காதீங்க, இன்னைக்கும் லேட்டாயிடுச்சு." ஆய்வுக்கூடத்திலிருந்து நேரே ஓடிவந்தவள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கைப்பையைத் திறந்தாள்.

"ஆனா ஜெயிச்சுட்டேன்! அடைச்சுப்போன ரத்தக்குழாய்க்குள்ள வைக்கிற பிளாஸ்டிக் குழாய். உடம்புச் சூடு பட்டதும் தானா விரியும், பாருங்க."

சுருண்டிருந்த சின்னக் குழாயை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்க, விரியும்."

ஐந்து நிமிடமாகியும் அது அசையவில்லை. எடுத்துத் தன் கையில் வைத்தாள். மெல்ல விரிந்தது.

பின்னால் நின்றிருந்த நர்ஸ் அவள் தோளைத் தொட்டாள். "காலையிலேயே போன்ல சொன்னோமேம்மா... வண்டி வந்துடுச்சு. அவரைக் கொண்டுபோகணும்."

"தெரியும்மா," என்றாள் அவள். "முதல்ல உங்களுக்குத்தான் காட்டுவேன்னு இவர்கிட்ட சொல்லியிருந்தேன். அதான்..."