மூன்றாவது பெயர்

அம்மாவைப் புதைத்துவிட்டு அயோவாவின் வணிகக் கல்லூரி விடுதிக்குத் திரும்பியிருந்த வெண்டல் விம்மினான். "நல்லாப் படிக்கிறவங்களைச் சேர்க்கிற கௌரவச் சங்கத்துல என்னைப் பார்க்கணும்னு அம்மாவுக்கு ஆசை, லொரெய்ன். அடுத்த வாரம்தான் சேர்க்கிறாங்க."

"சங்கம் எங்கடா ஓடிடப் போகுது? ஊர்ல அப்பா தனியாக் கிடக்கார். படிப்பை நிறுத்திட்டுக் கிளம்பு."

தோழியின் தோளில் சாய்ந்து அழுதான். அவளே பெட்டி கட்டி, பஸ் ஏற்றிவிட்டாள்.

நேராகச் சங்கப் பொறுப்பாளர் பேராசிரியர் ஹால்வர்சனிடம் போனாள்.

"வெண்டல் படிப்பை விட்டுட்டான், சார். மார்க்ல மூணாவதா இருந்த நான் இப்போ ரெண்டாவது. சங்கத்துல அவன் இடம் எனக்குத்தானே?"

அவர் பட்டியலில் வெண்டலின் பெயரை அடித்தார்.

"முழுசாப் பத்துப் பேருக்கு ஒருத்தரைத்தான் சேர்ப்போம்மா. வகுப்புல இருபது பேர் இருந்தீங்க, ரெண்டு இடம். இப்போ பத்தொன்பது பேர். ஒரே இடம்தான்."